மீராசாஹிபு காக்காவின் போல்டர்

வல்லாஹி, இதில் ஒரு சொல்லும் கூட்டியதில்லை, ஒரு சொல்லும் குறைத்ததில்லை. தொழுகைக்குச் செய்த ஒளுவோடு இருந்து எழுதப்படுகிறது. நம்பாதவர்கள் கல்முனைக்கு வந்து யாரையும் கேட்டுப் பார்க்கலாம். ஆளுக்கொரு மாதிரிச் சொல்வார்கள்; அவ்வளவும் உண்மைதான்.

சாய்ந்தமருது ஜுனைட் கணினி திருத்துகிறவன். கரண்ட் அடித்தாலும் பயப்படமாட்டான், கடன்காரனுக்கும் பயப்படமாட்டான். அவன் பயந்ததெல்லாம் பட்டப்பெயருக்கு மட்டும்தான். அதற்குக் காரணம் அவனுடைய வாப்பா. ஆயுள் முழுக்கக் கடலுக்குப் போனவர், ஒரேயொரு தரம், அதுவும் கரையில், முழங்கால் தண்ணீரில், சாரத்தை மடித்துக் கட்டியபடி தோணியைக் கவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து அவர் ‘கவிழ்த்தான்’. அவர் மௌத்தான அன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள். ஒரு குஞ்சும் அசையவில்லை. அறிவித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நம்மட கவிழ்த்தான்” என்றார். ஊரே திரண்டு வந்தது.

ஜுனைட் இன்றுவரை கவிழ்த்தானின் மகன். அதைச் சகித்துக்கொண்டான். ஆனால் அக்கரைப்பற்றில் ஒரு நெல் வியாபாரியின் கணினியைத் திருத்தப் போன இடத்தில், அவன் கை வைத்த அந்த நிமிடம் பார்த்து ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. மூன்று போகத்து விபரம் அதோடு போனது. அவன் பஸ் ஏறுகிறபோது பின்னால் யாரோ, “அந்தா போறான் அழிச்சான்” என்றார்கள். ஒருமுறை சொன்னால் அது பேச்சு. இன்னொரு பிழை நடந்து, இரண்டாம் முறை சொன்னால் அதுதான் பெயர். பிறகு அவனுடைய மகள் நஸ்லின் அழிச்சானின் மகள். அவளுக்குப் பிறப்பதெல்லாம் அழிச்சானின் பேரப்பிள்ளைகள். கியாமத்து நாள்வரை அதற்கு மருந்தில்லை.

இந்த நிலையில்தான் றஸாக் ஹாஜியார் அவனைக் கூப்பிட்டார்.

ஹாஜியார் மக்காவுக்கு, உம்றா யாத்திரைக்கு, ஆட்களை அழைத்துப் போகிறவர். கல்முனை பிரதான வீதியில், ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஒபிஸ். அங்கே ஐந்து கணினிகள், ஐந்து பேர். நான்கு பெண்பிள்ளைகள்; அவர்களில் மூத்தவள் பஸ்மிலா. ஐந்தாவது ஆள் டிக்கட் பார்க்கிற எட்வேட். கத்தோலிக்கர், கிழமைக்கொருமுறை மக்காவுக்கு ஆள் அனுப்புகிறவர். “எனக்கு மட்டும்தான் ரெண்டு பக்கமும் சிபாரிசு” என்று சொல்லிக்கொள்வார்.

போன மாதம் ஒரு கணினிக்குள் பல்லி புகுந்து, தானும் கருகி, ஒரு யாத்திரைக் குறூப்பின் பாஸ்போட் ஸ்கேன் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

“எல்லாத்தையும் ஒரு இடத்தில கொண்டு போய்ப் போடு மகன்” என்றார் ஹாஜியார். “அஞ்சு பேரும் அஞ்சு மூலையில வெச்சிருந்தா அது பல்லிக்குத்தான் வசதி.”

திங்கட்கிழமை பின்னேரம் ஜுனைட் ஐந்து கணினிக்கும் பொதுவான சேர்வரைக் கொண்டுவந்து பின் அறையில் வைத்தான். மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர்க் கேன்களும் யாத்திரைக்காரர் உடுத்துகிற இஹ்றாம் துணிக் கட்டுகளும் அடுக்கியிருந்த அறை. ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தினால் வீதிச் சத்தம் போய், கடல் இரைச்சல் மட்டும் கேட்கும். வீதிச் சத்தமே புகாத அறைக்குள் கடல் மட்டும் எப்படிக் கேட்டது என்று அவன் அப்போது யோசிக்கவில்லை.

வேலை லேசு. ஆட்கள் தங்கள் திரையில் சேமிப்பதெல்லாம் தானாகப் போய்ச் சேர்வரில் விழ வேண்டும். பெயருக்கு ஒரு போல்டர். யார் உள்ளே நுழைகிறாரோ அவர் பெயரில் சேர்வரே போல்டரைத் திறந்துகொள்ளும். ஜுனைட் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டளையாகப் போட்டுவிட்டு, முன் அறைக்கு வந்து விளங்கப்படுத்தினான்.

“நீங்க ஒண்டும் மாத்தத் தேவல்ல. எப்பயும் போல டெஸ்க்டொப்பில வைங்க. கண்ணுக்கு முன்னால இரிக்கிற மாதிரியேதான் தெரியும். ஆனா சாமான் கிடக்கிறது பின் அறையில.”

“விளங்கிற்று” என்றார் எட்வேட். “எங்கட சவக்காலை மாதிரி. பேர் மேல, ஆள் கீழ.”

“எட்வேட் அண்ணன், மஃரிபு நேரம் மையத்துக் கதை கதைக்காதிங்க” என்றாள் பஸ்மிலா.

பிழை நடந்தது இங்கேதான். ஐந்து பேரும் என்ன பெயரில் உள்ளே போகிறார்கள் என்று ஜுனைட் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அவன் வளர்ந்த விதம் அப்படி. யாராவது கடவுச்சொல் அடிக்கத் தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதுவும் பெண்பிள்ளைகள் என்றால் எழுந்து போய்ச் சுவரில் தொங்கும் கலண்டரைப் படிப்பான். அன்று நான்கு பெண்பிள்ளைகள். அந்த மாதத்தின் அவ்வளவு நாட்களும் அவனுக்கு மனப்பாடமாகிப் போயின.

செவ்வாய்க்கிழமை காலை ஒபிஸ் திறந்தது. ஜுனைட் பின் அறையில் சேர்வரின் முன்னால் குந்தியிருந்து, போல்டர்கள் முளைக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து பேரும் கணினியைப் போட்ட சத்தம் கேட்டது. சேர்வரில் ஒரு போல்டர் வந்தது. அடுத்ததற்குப் பார்த்திருந்தான். வரவில்லை. ஐந்து பேரும் தட்டுகிற சத்தம் கேட்கிறது, பின் அறைக்கு வந்து விழுகிறது ஒரே போல்டருக்குள். அதன் மேல் தமிழில் ஒரு பெயர்: மீராசாஹிபு.

ஜுனைட் எட்டிப் பார்த்தான். “பஸ்மிலா, இஞ்ச மீராசாஹிபு எண்டு ஆரு வேலை செய்யிற?”

தட்டுகிற சத்தம் நின்றது.

“செஞ்சாரு” என்றாள் பஸ்மிலா. “எங்கட மெனேஜர். மௌத்தாகி ரெண்டு நோன்பு போயிற்று. நீங்க ஜனாஸாவுக்கு வரல்லயா ஜுனைட் காக்கா?”

அவன் வந்திருந்தான். மையவாடியில் மூன்று பிடி மண்ணும் போட்டிருந்தான்.

எல்லோருக்கும் மூத்த அண்ணன் மாதிரி இருந்த மீராசாஹிபு காக்கா அந்த ஒபிஸைத் தொடங்கிய நாளிலிருந்து நடத்தியவர். எந்நேரமும் கடைவாயில் ஒரு கராம்பு. ஒபிஸில் தமிழில் அடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. யாத்திரை போகிற ஒவ்வொருவரின் பாஸ்போட்டையும் தானே வாசித்து, ஸ்கேனின் பெயருக்குப் பின்னால் ‘பார்த்தாச்சு’ என்று அடித்து வைப்பார். அந்தச் சொல் விழுந்தால் ஆள் போகலாம். விழாவிட்டால், ஹாஜியாரே வந்து கெஞ்சினாலும் ஆள் போகேலாது.

அவர் மௌத்தான பிறகு அவருடைய பெயரை எடுக்க ஹாஜியார் விடவில்லை. பறக்கத்துப் போய்விடும், தொழில் படுத்துவிடும் என்றார். ஐந்து கணினியும் அவர் பெயரில், அவர் கடவுச்சொல்லில்தான் திறந்தன. ஐந்தும் தனித்தனியே கிடந்தவரை அதனால் ஒரு கேடும் இல்லை. இப்போது ஐந்து வாய்க்காலும் ஒரே வயலுக்குள் வந்து விழுந்திருக்கிறது.

முன் அறையில் கூச்சல் கிளம்பியது. பஸ்மிலாவின் திரையில் எட்வேட்டின் கோயில் திருநாள் படங்கள். எட்வேட்டின் திரையில் பஸ்மிலாவின் மச்சியின் கலியாணப் பட்டியல். ஒருத்தி ஒன்றை இழுத்து மூலையில் வைத்தால், மற்றவளின் கண் முன்னால் அது காணாமல் போகிறது.

“அண்ணன், என்ட பைலில கை வெக்காதிங்க!”

“நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறன் தங்கச்சி! பாருங்க, கட்டியிருக்கிறன்!”

அது சிரிப்புக்குரிய விசயம். சிரிக்க முடியாத விசயமும் ஒன்றிருந்தது. வியாழக்கிழமை ஒரு குறூப் புறப்படுகிறது. நாற்பது சொச்சம் பேர். ஆட்களை ஐந்தாகப் பிரித்து, ஆளுக்கொரு பங்கின் விசா வேலையைச் செய்திருந்தார்கள். அந்தப் பைலுக்கு ஐந்து பேரும் வைத்த பெயர் ஒன்றே: ‘குறூப்’. ஒரே பெயரில் ஐந்து பைல்கள் ஒரே போல்டருக்குள் வந்தால் கடைசியாக வந்தது மிஞ்சும். முன்னால் வந்த நான்கையும் அது தின்றுவிடும். தின்றுவிட்டது.

ஜுனைட் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கடல் இரைந்தது. இரைச்சலுக்குள் அவனுக்கு ஒரு சொல் தெளிவாகக் கேட்டது: அழிச்சான், அழிச்சான்.

எல்லாருக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தான். ஐந்து புதுப் போல்டர்கள். மிஞ்சியதை அவரவர் பக்கம் பிரித்தான். கடைசியில் அந்தப் பழைய பெயரைப் பூட்ட வேண்டியிருந்தது. ஹாஜியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“அவர்ட பேர அழிக்கப் போறியா?”

“அழிக்கல்ல ஹாஜி!” அந்தச் சொல்லைக் கேட்டதுமே ஜுனைட்டுக்கு வியர்த்தது. “மூடி வெக்கிறன். அது அங்கயே இரிக்கும். ஒருத்தரும் உள்ளுக்குப் போகவும் ஏலா, அங்கிருந்து வரவும் ஏலா.”

“அவர்ட மையத்துச் சந்தூக்கத் தூக்கக்குள்ளயும் இப்பிடித்தான் சொன்னாங்க” என்றார் ஹாஜியார். சொல்லிவிட்டு ஏனோ வாசலை விட்டார். “சரி. அந்த நாலு பைலும்?”

“ளுஹர் தொழுதிட்டு வந்து எடுத்துத் தாறன்.”

எடுக்க வழியில்லை என்று அவனுக்குத் தெரியும். பள்ளியில் அவன் கேட்ட துஆவை எந்தக் கணினிக்காரனும் கேட்டிருக்கமாட்டான். உயிரை எடு, பெயரை விடு என்றுதான் கேட்டான்.

திரும்பி வந்தபோது எட்வேட் மட்டும் முன் அறையில் இருந்து சோற்றுப் பார்சலை விரித்திருந்தார். மற்ற நான்கு கணினிகளும் நிறுத்தியிருந்தன. ஜுனைட் பின் அறைக்குப் போய்ச் சேர்வரைப் பார்த்தான்.

பூட்டிய போல்டருக்குள் நான்கு பைல்கள் இருந்தன. நான்கும் ‘குறூப்’. ஒன்றையொன்று தின்னாமல், ஒவ்வொன்றின் பின்னாலும் அதைச் செய்தவளின் பெயர் தமிழில் அடித்திருந்தது. அதற்கும் பின்னால், ‘பார்த்தாச்சு’.

 அவன் மெதுவாகப் பின்னால் நடந்து முன் அறைக்கு வந்தான்.

“எட்வேட் அண்ணன். நான் போன பொறகு பின் அறைக்கு ஆரு போன?”

“ஒருத்தரும் போகல்ல. நான் வாசலைப் பார்த்துத்தான் சாப்பிடுறன்.” எட்வேட் ஒரு கவளத்தைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. “தம்பி, ஒண்டு கேக்கட்டா? ஸம்ஸம் தண்ணிக்கு வாசம் இருக்குமா?”

“இல்லயே.”

“அப்ப சரி. எனக்குக் கராம்பு மணத்திச்சு. மீன் குழம்பில கராம்பு போடுற வழக்கம் எங்கட வீட்ட இல்லை.”

ஜுனைட் எட்வேட்டின் கணினியையும் நிறுத்தினான். பிறகு பின் அறைக்குப் போய், மற்றக் கணினிகளிலிருந்து சேர்வருக்கு வருகிற வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். இனி அந்தப் பெட்டிக்கும் வெளியுலகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நடுப்பகல். தலைக்கு மேல் லைட் எரிந்தது. எட்வேட் கதவடியில், எச்சில் கையை ஏந்தியபடி வந்து நின்றார்.

பூட்டிய போல்டருக்குள் ஒரு பாஸ்போட் ஸ்கேன் இருந்தது. பிறகு இன்னொன்று. பாஸ்போட்டுகள் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்து நின்றன. முதலாவதின் பெயர் அசைந்தது. அதன் வாலில் ஓர் எழுத்து முளைத்தது. ப. கொஞ்சம் பொறுத்து, பா. ஒரு விரலால் அடிக்கிறவரின் வேகம். பார்த். பார்த்தா. மற்ற எழுத்துகளும் வந்து சேர்ந்தன; அசைவு அடுத்த பாஸ்போட்டுக்குப் போனது.

“மீராசா காக்கா ஒத்தை விரலாலதான் அடிப்பாரு” என்றார் எட்வேட் மிகவும் மெதுவாக.

ஒருவர் ஒரு பக்கத்தை ஆறுதலாக வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரம் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனது. மங்கலான ஸ்கேனில் கூடுதலாக நின்றது. ஒன்றில் அடித்துவிட்டு, திரும்ப வந்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியது. வரிப்பத்தான்சேனையிலிருந்து வருகிற ஒரு வயற்கார மனிதரின் பாஸ்போட் வந்தபோது அசைவு நின்றுவிட்டது. கராம்பு வாசம் இப்போது ஜுனைட்டுக்கும் வந்தது. பக்கத்தில் ஒருவர் குனிந்து மூச்சு விட்டால் வருகிற மாதிரி, கன்னத்தில் சூடாக. அவன் திரும்பவில்லை. வளர்ந்த விதம் அப்படி. ஒருவர் வேலை செய்கிறபோது பார்க்கக் கூடாது.

அந்தப் பாஸ்போட்டில் ஒன்றும் அடிக்காமல் அது அடுத்ததற்குப் போனது.

எட்வேட் குனிந்து அந்த ஸ்கேனைப் படித்தார். முகம் மாறியது. “முடியிற திகதியைப் பாருங்க தம்பி. ஆறு மாதம் மிச்சமில்ல. எயார்போட்டில வெச்சு ஆளைத் திருப்பியிருப்பாங்க. நான்தான் பார்த்தனான், நான்தான் விட்டனான்.”

எல்லாம் முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அப்போது வரிசையின் கடைசியில் ஒரு புதுப் போல்டர் வந்தது. அதற்குப் பெயர் இல்லை. ஓர் எழுத்து முளைத்தது. பிறகு இன்னொன்று. ஜு. ஜுனை. ஜுனைட்.

அங்கேயே நின்றது.

ஜுனைட் எங்கேயும் போவதற்குப் பாஸ்போட் கொடுத்தவன் அல்ல. அவனுக்குப் பாஸ்போட்டே இல்லை. போல்டரைத் திறக்கவும் கை வரவில்லை, மூடவும் வரவில்லை. மீராசாஹிபு காக்கா இப்போது இருக்கிற இடத்திலிருந்து ஆட்களை எந்தப் பயணத்துக்குச் சரிபார்க்கிறார் என்று அவனுக்கு விளங்கியது. நாற்பது சொச்சம் பேரின் பயணம் மக்காவுக்கு. அவனுடையது எங்கே? பெயருக்குப் பின்னால் அந்தச் சொல் விழுகிறதா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். வெற்றிடத்தில் கோடு ஒன்று மின்னி மின்னி மறைந்தது. யோசிக்கிறது போல.

“வேணாம் காக்கா” என்றான் ஜுனைட் வாய்க்குள். “புள்ள பத்தாம் வகுப்புத்தான் படிக்கிற.”

கோடு இன்னும் கொஞ்ச நேரம் மின்னியது. பிறகு நின்றுவிட்டது. சொல் விழவில்லை. கடல் இரைச்சலும் நின்று, கீழே வீதியில் ஒரு மீன்காரன் ஹோன் அடிப்பது கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஹாஜியார் வந்தார். பின்னால் பஸ்மிலா, மற்றப் பெண்பிள்ளைகள்.

“என்ன ஜுனைட்? நாலு பைலும்?”

ஜுனைட்டின் தலைக்குள் ஒரே சொல்தான் மிச்சமிருந்தது. “பாத்தாச்சு ஹாஜி” என்றான்.

“பாஸ்போட்டெல்லாம்?”

“பாத்தாச்சு.”

“உனக்கென்ன, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு? சுகமில்லயா?”

“பாத்தாச்சு ஹாஜி. பாத்தாச்சு.”

பஸ்மிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹாஜியார் திரையைப் பார்த்தார், நான்கு பைலையும் பார்த்தார், கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு ஜுனைட்டைக் கட்டிப் பிடித்தார். வியாழக்கிழமை குறூப் புறப்பட்டது. வரிப்பத்தான்சேனைக்காரர் மட்டும் புதுப் பாஸ்போட் எடுக்க நின்றார். எட்வேட் தேநீர்க் கடையில் இதை ஒன்றுக்குப் பாதியாகத்தான் சொன்னார், கராம்பை விட்டுவிட்டு. பாதியே போதுமாயிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடுகிற நேரத்துக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அழிச்சான் என்ற பேச்சு அக்கரைப்பற்றோடு நின்றது. என்ன கேட்டாலும் பார்த்தாச்சு என்கிறவன், எதைக் கொடுத்தாலும் பார்த்து முடிக்கிறவன். நல்ல பெயர். மகளுக்கும் குறைச்சல் இல்லாத பெயர். அவன் பள்ளிப் படியில் இறங்கும்போது யாரோ ஒருவர், அன்பாகத்தான், கையைத் தூக்கிக் கூப்பிட்டார்:

“ஜுனைட் பாத்தாச்சு!”

அவன் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சேர்வரில் விழாமல் நின்ற சொல் அவன் பெயருக்குப் பின்னால் ஊர் வாயால் விழுந்துவிட்டது. அதன் பிறகு அவன் கிழமைக்கொருமுறை ஒபிஸுக்குப் போய்ப் பின் அறைக்குள் நுழைகிறான். பூட்டிய போல்டரைப் பார்த்து, தன் பெயருக்குப் பின்னால் இன்னும் வெற்றிடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வருகிறான். வீதியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், திரும்புவதற்கு முன் நெஞ்சில் கை வைத்து, துடிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறான். நஸ்லினை மட்டும் பள்ளிக்கூடத்தில் ‘பாத்தாச்சுட மகள்’ என்கிறார்கள். அவளுக்கு அதில் பெருமை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மின்கம்பம் மாற்றுகிற வேலைக்காக, கல்முனை பிரதான வீதியில் விடியற்காலையிலிருந்து அந்திவரை கரண்ட் இருக்கவில்லை.